பிலோவீலா மக்களுக்கு, நன்றியோடு

மதிப்புக்குரிய பிலோவீலா ஊரவர்களுக்கு,



உங்கள் ஊரை எங்கள் சனம் செய்தியில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டது. 2018 மார்ச் 5, விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தை அதிகாரிகள் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போன ஊர். அந்தக் குடும்பம் திரும்பி வரும்வரை நான்கு வருடங்களுக்கும் மேலாக ஓயாமல் குரல் கொடுத்த ஊர். ‘பிலோ’ என்று நீங்கள் சுருக்கிச் சொல்லும் பெயர் பிறிஸ்பேனிலும் மெல்பேர்ணிலும் சிட்னியிலும் உள்ள தமிழ் வீடுகளில் அப்போதே புழங்கத் தொடங்கிவிட்டது. வரைபடத்தில் அது எந்தப் பக்கம் என்று காட்டத் தெரியாத அம்மம்மாமார்கூட, ‘அந்தப் பிலோச் சனம் நல்லாயிருக்க வேணும்’ என்று சொன்னதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன்.

அந்த நன்றியைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் குடும்பத்தோடு உங்கள் ஊருக்கு வந்து, தங்கி, சுற்றிப் பார்த்துத் திரும்பிய பிறகு நன்றி சொல்ல வேண்டியவை கூடிவிட்டன. ஓர் ஊர் செய்த ஒரு நல்ல காரியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அந்த ஊரையே பார்க்காமல் இருப்பது முறையல்ல என்று எனக்குப் படுகிறது. பிலோவீலாவில் மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது, காடு இருக்கிறது, நூறு வயதைத் தாண்டிய மரவீடு இருக்கிறது. விடுமுறை என்றால் கோல்ட் கோஸ்ட் கடற்கரைக்கும் கெய்ர்ன்ஸ் பவளப் பாறைக்கும் மட்டுமே கிளம்பும் எங்கள் சனம் இவற்றையும் வந்து பார்க்க வேண்டும். அதனால்தான் உங்களுக்கு எழுதும் மடலை எல்லோரும் படிக்கட்டும் என்று திறந்து வைக்கிறேன்.

பிறிஸ்பேனிலிருந்து உங்கள் ஊர் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டுகிற தூரமில்லை, ஓட்டவும் கூடாது. கிளாட்ஸ்டன் துறைமுகப் பக்கமிருந்து வந்தால் டோசன் நெடுஞ்சாலையில் மேற்கே 120 கிலோமீட்டர். மலைத்தொடரைத் தாண்டியதும் நிலம் விரிந்து கலைட் பள்ளத்தாக்கு கண்ணில் படுகிறது. ஒரு பக்கம் மேய்ச்சல் மாடுகள், இன்னொரு பக்கம் சோளமும் குதிரைமசாலும், தொலைவில் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கிகள். டோசன் நெடுஞ்சாலையும் பர்னெட் நெடுஞ்சாலையும் சந்திக்கிற இடத்தில் ஆறாயிரத்துக்கும் குறைவான மக்களோடு உங்கள் ஊர். கங்கலு முதற்குடி மக்களின் மண் அது. நெடுஞ்சாலைகள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அங்கே வழித்தடங்கள் இருந்தன என்பதை நினைத்துக்கொண்டுதான் ஊருக்குள் நுழைந்தோம்.

முதலில் எங்களை இழுத்தது அந்தப் பெரிய தானியக் குதிர். வெளியே இருந்து பார்த்தால் கோதுமையோ சோளமோ கொட்டி வைத்திருப்பார்கள் என்றுதான் தோன்றும். உள்ளே போனால் குயின்ஸ்லாந்தின் விவசாய வரலாறு. பருத்தி, தானியம், மாடு, நிலக்கரி என்று இந்த மண்ணில் மனிதர் பிழைத்த விதங்களையெல்லாம் காட்சியாக வைத்திருக்கிறீர்கள். 1988-ல் பிறிஸ்பேன் ஆற்றங்கரையில் ஆறு மாதம் நடந்த உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்டது அது. கண்காட்சி முடிந்ததும் அந்த இடத்தில் இருந்தவற்றில் பெரும்பகுதி கலைக்கப்பட்டுப் போயிற்று. இன்று அந்த ஆற்றங்கரைச் சௌத் பாங்கில் நடக்கிறவர்களுக்கு அங்கே என்னென்ன நின்றன என்றே தெரியாது. அந்தக் குதிரோ தலைநகரை விட்டு உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்து, குயின்ஸ்லாந்து மரபுப் பூங்காவாகி, இன்றும் திறந்திருக்கிறது. பெரிய நகரம் பார்த்து முடித்துக் கைவிட்ட ஒன்றை ஒரு சிற்றூர் கேட்டு வாங்கி வந்து காப்பாற்றியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அங்கே பொழுது போயிற்று. எனக்கோ உங்கள் ஊரின் குணம் அங்கேயே கொஞ்சம் பிடிபட்டது.

அது தற்செயல் இல்லை என்பதைக் கிரேகிளிஃப் மரவீட்டில் கண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு மாட்டுப் பண்ணையில் குடியேறியவர்கள் கட்டிய வீடு. அந்தப் பண்ணைக் குடும்பம் அதை வரலாற்றுக் கழகத்துக்குக் கொடையாகக் கொடுக்க, அது ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. இப்போது குயின்ஸ்லாந்து மாநில மரபுச் சின்னப் பட்டியலில் இருக்கிறது. உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய மூத்த பெண்மணி ஒருவர், சம்பளம் வாங்காமல் தொண்டாக அதைச் செய்கிறவர், என் மகளின் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார். கோடாரியால் பிளந்த தடித்த மரப்பலகை அது. அதன்மேல் வாய்ச்சி பட்ட தழும்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, விரல் நுழைகிற ஆழத்தில் வரிசையாக ஓடின. ஒவ்வொரு தழும்பும் ஒரு வீச்சு. ஓரிடத்தில் மட்டும் தழும்பு சரிந்து போயிருந்தது. மரத்தில் முடிச்சு வந்ததால் வாய்ச்சி விலகியிருக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். பலகைக்கும் பலகைக்கும் இடையிலிருந்த இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாக உள்ளே விழுந்தது. கோடையில் புழுக்கத்தையும் குளிர்காலத்தில் உறைபனிக் காற்றையும் அதே இடுக்கு உள்ளே விட்டிருக்கும். ஆணிக்கும் கண்ணாடிக்கும் வழியில்லாத இடத்தில், கையில் கிடைத்த மரத்தை வைத்துக் குடும்பம் நடத்தியவர்களின் உழைப்பை விளக்கப் பலகை எதுவும் அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது. அந்த அம்மாவுக்கு என் நன்றி. எங்கள் பிள்ளைகளின் கேள்விகளுக்கெல்லாம் அவர் அலுக்காமல் பதில் சொன்னார்.

இனி ஸ்கோரியா மலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊருக்குத் தெற்கே, தாங்கூலுக்குச் சற்று அப்பால், தட்டையான வயல்வெளிக்கு நடுவே தனியாக எழும்பி நிற்கிறது அது. சுற்றியுள்ள நிலத்தைவிட 150 மீட்டர்தான் உயரம். மலையேறிப் பழகியவர்களுக்கு அது பெரிய உயரமில்லை. ஆனால் அதைப் பார்க்க வேண்டியது உயரத்துக்காக இல்லை. இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கே ஓர் எரிமலை இருந்தது. அதன் தொண்டைக்குள் உறைந்து போன குழம்புதான் இந்த மலை. மேலிருந்த மண்ணும் இளகிய பாறையும் மழையிலும் காற்றிலும் கரைந்து போக, உள்ளே இருந்த கெட்டியான பசால்ட் பாறை மட்டும் மிஞ்சியது. குழம்பு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது சீரான கோணங்களில் வெடிக்கும். அப்படி வெடித்ததால் ஐந்து பட்டை, ஆறு பட்டை, எட்டுப் பட்டைத் தூண்களாக மலையே அடுக்கப்பட்டிருக்கிறது. சிற்பி யாரும் கைவைக்காத தூண்கள் என்று நம்புவதற்கே கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

‘பாடும் மலை’ என்று நீங்கள் அதைச் சொல்வதற்குக் காரணம் அந்தத் தூண்களின் ஒலி. உடைந்து கிடக்கும் ஒரு துண்டின்மேல் இன்னொரு சின்னக் கல்லால் மெல்லத் தட்டினால் கல்லின் சத்தம் வருவதில்லை, வெண்கலத்தின் சத்தம் வருகிறது. தட்டிய இடத்தில் டக்கென்று அடங்காமல் கொஞ்சம் நீண்டு ஒலித்து ஓய்கிறது. உள்ளே வெடிப்பில்லாமல் இறுகிய கல், அதோடு மண்ணில் முழுக்கப் புதையாமல் விடுதலையாகக் கிடக்கிற கல், அப்படித்தான் ஒலிக்கும். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலில் தட்டினால் சுரம் எழுப்பும் இசைத்தூண்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே கற்தச்சர்கள் அறிந்து, அளந்து, செதுக்கி வரவழைத்த ஒலியை இங்கே எரிமலை தானாகவே ஆக்கி வைத்திருக்கிறது. அடிவாரத்தைச் சுற்றிய நடைபாதையில் போனாலே போதும். சரிவில் கிடக்கும் கற்கள் நிலையில்லாதவை, மேலே ஏற ஆசைப்படக் கூடாது. ஒரு துண்டைக்கூட எடுத்துக்கொண்டு வரவும் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம். என் மகன் ஒன்றைச் சட்டைப்பைக்குள் போடப் பார்த்தான். தட்டிப் பார்க்க இன்னொரு பிள்ளை வருவான் என்று சொன்னதும் வைத்துவிட்டான்.

கலைட் ஏரியை விரைவாகச் சொல்லி விடுகிறேன், அதை ரசிக்கத் தூண்டில் பிடிக்கத் தெரிய வேண்டும், எனக்குத் தெரியாது. மின்நிலையத்துக்குத் தண்ணீர் வேண்டி 1960-களில் கட்டிய அணை அது. இப்போது பராமுண்டி மீனுக்காக ஆட்கள் படகோடு வருகிறார்கள். மாலைநேரத்தில் வெள்ளைக் கொண்டைக்கிளிகள் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு மரங்களுக்குத் திரும்பும் காட்சிக்காக மட்டும் போனாலும் போகலாம்.

மேற்கே 45 கிலோமீட்டரில் பனானா என்ற சிற்றூர். உங்கள் நிர்வாக வட்டாரத்துக்கே பனானா என்றுதான் பெயர். வாழைத்தோட்டம் தேடி யாரும் போக வேண்டாம். பனானா என்பது ஒரு காளை மாட்டின் பெயர். மங்கிய மஞ்சள் நிறமான அந்த வேலை மாட்டைக் கொண்டுதான் அன்றைய மாட்டுக்காரர்கள் காட்டில் முரண்டு பிடிக்கும் மாடுகளைப் பட்டிக்குள் கொண்டுவந்தார்களாம். அது செத்த பிறகு அந்த இடத்துக்கு அதன் பெயரே நிலைத்தது. ஊரில் அதற்குச் சிலையும் வைத்திருக்கிறீர்கள். கவர்னர்களின் பெயரையும் ராணிகளின் பெயரையும் வைத்துத் தீர்ந்து போன இந்தக் குயின்ஸ்லாந்தில், உழைத்த ஒரு மாட்டின் பெயரைத் தாங்கி நிற்கிற நிர்வாக வட்டாரம் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பொங்கலுக்கு மறுநாள் மாட்டைக் குளிப்பாட்டி மாலை போடும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைப் புரிய வைக்க வேண்டியதில்லை.

க்ரூம்பிட் டொப்ஸ் தேசியப் பூங்காவுக்குச் சாதாரணக் காரில் போக முடியாது. ஃபோர் வீல் டிரைவ் வாகனம் வேண்டும், மழை பெய்த மறுநாள் என்றால் அதுவும் போதாது. மணற்கல் மேட்டுநிலம். கீழே வறண்ட யூகலிப்டஸ் காடு, மேலே ஏறினால் ஈரம் சொட்டும் மழைக்காட்டுத் திட்டுகள். அந்த ஓடைகளில் ஒரு சின்னத் தவளை வாழ்கிறது. க்ரூம்பிட் டிங்கர் தவளை என்று பெயர். உலகத்தில் வேறெங்கும் அது இல்லை, அங்கேயும் அருகிக்கொண்டு வருகிறது.

அந்தக் காட்டுக்குள்தான் ‘பியூட்டிஃபுல் பெட்சி’ கிடக்கிறது. அமெரிக்க வான்படையின் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம். 1945 பெப்ரவரி 26-ல் டார்வின் பக்கமிருந்து பிறிஸ்பேனுக்குப் புறப்பட்டது. எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் இருவர் பயணிகளாக ஏறிக்கொண்ட ஸ்பிட்ஃபயர் போர்விமானிகள். அந்த இருவரில் ஒருவர் பிறிஸ்பேனில் தம்முடைய கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். விமானம் வந்து சேரவில்லை. தேடினார்கள், கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்தது. பெண் வீட்டாரும் தாய் தகப்பன்மாரும் எந்தக் கடலில் எந்தக் காட்டில் விழுந்தது என்று தெரியாமலே காலத்தைக் கழித்தார்கள். 49 ஆண்டுகளுக்குப் பிறகு, 1994-ல், பூங்காக் காவலர் ஒருவர்தான் அந்தச் சிதைவுகளைக் கண்டுபிடித்தார். உடைந்த இறக்கையும் எஞ்சினும் விழுந்த இடத்திலேயே இருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் அதை ஒரு நினைவிடமாக மதித்து நடக்க வேண்டும். காணாமல் போனவர்களைத் தேடுகிற குடும்பங்களை எங்கள் இனம் நெருக்கமாக அறியும். படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காகத் தெருவோரத்தில் அமர்ந்திருக்கிற தாய்மார் எங்களுக்கு இருக்கிறார்கள். அதனால் அந்த விமானத்தின் கதையை எங்கள் வண்டியில் ஒருவரும் வெறும் யுத்தக் கதையாகக் கேட்கவில்லை. ‘இடம் தெரிந்துவிட்டதே’ என்று என் மாமியார் சொன்னார். அவருக்கு அது பெரிய விடயம்.

மூராவையும் தவிர்க்க முடியாது. சுற்றுலாப் புத்தகத்தில் போடுகிற இடமல்ல அது. பிலோவீலாவிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிலக்கரிச் சுரங்க ஊர். 1975-ல் கியாங்கா சுரங்க வெடிப்பில் 13 பேர், 1986-ல் மூரா நான்காம் எண் சுரங்கத்தில் 12 பேர், 1994 ஓகஸ்டில் இரண்டாம் எண் சுரங்கத்தில் 11 பேர். கடைசி வெடிப்புக்குப் பிறகு உள்ளே இறங்குவது ஆபத்து என்று சுரங்க வாயை அடைத்துவிட்டார்கள். அந்தப் பதினொரு பேரும் இன்றும் நிலத்துக்குள்ளேதான் இருக்கிறார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் குயின்ஸ்லாந்தின் சுரங்கப் பாதுகாப்புச் சட்டமே மாறியது. நினைவுச் சின்னத்தில் இருக்கும் பெயர்களை நின்று படித்துவிட்டு வந்தோம். வீட்டைவிட்டுப் போனவர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உங்கள் வட்டாரத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது.

அதை விளங்கிக்கொண்டபின் 2018-க்குப் பிறகு நீங்கள் செய்ததைத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தக் குடும்பத்தின் பிரியாவும் நடேசலிங்கமும் படகில் தனித்தனியாக இந்த நாட்டுக்கு வந்தவர்கள். இங்கே சந்தித்து, கல்யாணம் செய்து, உங்கள் ஊரில் குடியேறினார்கள். நடேசலிங்கம் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். நேரம் கிடைத்தபோது தொண்டு நிறுவனத்தில் உதவினார். பிரியா கறி சமைத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு பெண் குழந்தைகளும் குயின்ஸ்லாந்தில் பிறந்தவர்கள். தற்காலிக விசா முடிந்த மறுநாள் விடியற்காலையில் அவர்களை ஏற்றிக்கொண்டு போய் மெல்பேர்ண் தடுப்பு முகாமில் வைத்தார்கள். அகதிகள் விடயத்தில் அரசின் கொள்கை அப்படித்தான் இருந்தது. நீதிமன்றங்களும் பல தடவை கைவிரித்தன. அன்றைய சூழ்நிலையில் இப்படிப்பட்ட எத்தனையோ குடும்பங்கள் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டன. ஊர்ப் பெயர்கூட யாருக்கும் தெரியாமல் போயிற்று.

இந்தக் குடும்பத்துக்கு அப்படி ஆகாததற்கு நீங்களே காரணம். உங்கள் தொகுதி அன்றைக்கு ஆட்சியில் இருந்த கூட்டணியின் உறுப்பினரையே தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி. மாட்டுப் பண்ணையும் சுரங்கமும் சார்ந்த ஊர். எல்லைப் பாதுகாப்பில் கண்டிப்பு வேண்டும் என்று நினைக்கிற ஆட்களும் உங்களில் இருந்திருப்பார்கள், இன்றும் இருப்பார்கள். அவர்களும் சேர்ந்துதானே ‘எங்கள் அயலவரைத் திருப்பித் தாருங்கள்’ என்று கேட்டார்கள். ஏஞ்சலா பிரெடெரிக்ஸ், பிரான்வின் டெண்டில் முதலானவர்கள் நடத்திய ‘பிலோவுக்கு வீடு திரும்பட்டும்’ இயக்கத்தில் கொள்கை விளக்கம் எதுவும் இருக்கவில்லை. இவர்கள் எங்கள் ஊர்க்காரர், இவர்கள் இல்லாமல் எங்கள் ஊர் குறைந்து நிற்கிறது என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னீர்கள். மனுவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்து வைத்தார்கள். ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊரிலிருந்து எழும்பிய குரலுக்கு இவ்வளவு பேர்!

2019 ஓகஸ்டில் குடும்பத்தை விமானத்தில் ஏற்றி இலங்கைக்கு அனுப்பினார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே நீதிபதியின் தடையாணை வந்து, டார்வினில் இறக்கினார்கள். பிறகு கிறிஸ்மஸ் தீவு. அந்தத் தீவு முகாமில் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைய வைத்திருந்தார்கள். 2021 ஜூனில் சின்னவளுக்குக் காய்ச்சல் முற்றி இரத்தத்தில் கிருமி கலந்து, பேர்த் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டு வரப்பட்டபோது, கட்டிலில் அக்கா தங்கையின் கன்னத்தில் முத்தமிடும் படத்தை நாடே பார்த்தது. படத்தைப் பார்த்து அழுதவர்கள் நாங்கள் நிறையப் பேர். ஆனால் அழுதுவிட்டு நாங்கள் வேலைக்குப் போய்விட்டோம். நீங்கள் மறுபடி அமைச்சர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். மறுபடி கடிதம் எழுதினீர்கள். மறுபடி பூங்காவில் மெழுகுவர்த்தியோடு கூடினீர்கள். பத்திரிகைக்காரர் வராத நாளிலும் கூடினீர்கள். அந்த விடாப்பிடிக்குத்தான் நான் தலை வணங்குகிறேன். இரக்கப்படுவது எல்லோருக்கும் வரும். நான்கு வருடம் களைக்காமல் இரக்கப்படுவது வேறு.

2022 மே தேர்தலில் ஆட்சி மாறியது. மே 27-ல் இடைக்கால உள்துறை அமைச்சராக இருந்த ஜிம் சால்மர்ஸ், குடும்பம் ஊர் திரும்ப அனுமதி கொடுத்தார். ஜூன் 10-ல் குடும்பம் தாங்கூல் விமானத்தளத்தில் இறங்கியது. மறுநாள் ஊரில் பல்லினப் பண்பாட்டு விழா. அதற்கு மறுநாள் சின்னவளுக்கு ஐந்து வயது. அதற்கு முன், முதல் பிறந்தநாள் தொடங்கி ஒவ்வொன்றும் காவலில்தான் கழிந்திருந்தது. சுதந்திரமாக அவள் கேக் வெட்டிய முதலாவது பிறந்தநாள் உங்கள் ஊரில் நடந்தது. ஓகஸ்ட் 5-ல் நிரந்தர வதிவிட விசாவும் கிடைத்தது.

தாங்கூல் விமானத்தளத்தை ஒரு பார்வையிடமாக எந்த வழிகாட்டியிலும் போடமாட்டார்கள். சின்னக் கட்டடம், ஓர் ஓடுபாதை, சுற்றிலும் புல்வெளி. ஸ்கோரியா மலைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னது என் மகள். அந்த வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்ச்சனம் எங்கே நின்றிருப்பார்கள், பிள்ளைகள் எந்தப் பக்கத்தால் நடந்து வந்திருப்பார்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். படங்களில் பார்த்ததை வைத்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் வயதுப் பிள்ளைதான் அந்த வீட்டு மூத்தவளும்.

அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்த்தீர்களா என்று பிறிஸ்பேனில் பலர் கேட்டார்கள். இல்லை, பார்க்கவில்லை. அவர்கள் பார்வைப் பொருள் அல்ல. காலையில் எழுந்து வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விட்டு, கடைக்குப் போய், தங்கள் பாட்டில் வாழத்தானே இவ்வளவும் பட்டார்கள். எங்கள் சனம் பிலோவுக்குப் போகும்போது அவர்கள் வீடு எது என்று விசாரிக்க வேண்டாம் என்று இந்த மடல் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன். ஊரைப் பாருங்கள், அது போதும்.

இன்னும் சில நாள் கையில் இருந்தால், தெற்கே பர்னெட் நெடுஞ்சாலையில் மொன்ரோப் பக்கம் கேனியா பள்ளத்தாக்கு இருக்கிறது. செங்குத்தான மணற்கல் பாறைகளும் குகைகளும் ஓடைகளும் உள்ள தேசியப் பூங்கா. வடக்கே றொக்ஹாம்ப்டன் போகும் வழியில் மவுண்ட் மோர்கன். நூறு வருடம் தங்கம் தோண்டிய ஊர். அந்தத் தங்கத்தில் பணக்காரரான வில்லியம் நொக்ஸ் டார்சிதான் பாரசீகத்தில் எண்ணெய் தேடப் பணம் போட்டார். இன்றைய பிபி கம்பனியின் வேர் அங்கே இருக்கிறது. உலகத்தைப் புரட்டிப் போட்ட பணம் இந்தச் சின்ன மலையிலிருந்து போயிருக்கிறது என்பது வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

எங்கள் ஆட்களுக்கு இரண்டு வார்த்தை. மே முதல் செப்டம்பர்வரை போங்கள். பகலில் இதமான வெயில் இருக்கும், இரவில் நன்றாகக் குளிரும், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் வெயில் 35 பாகையைத் தாண்டும். பொழுது சாய்ந்த பிறகு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டாதீர்கள், கங்காருக்கள் குறுக்கே பாயும். வழியில் பெற்றோல் நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடைவெளி அதிகம். கிரேகிளிஃப் வீடு எப்போது திறந்திருக்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், தொண்டர்கள் நேரம் ஒதுக்கித்தான் திறக்கிறார்கள். சமைத்த சாப்பாட்டைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு போய், ஊர்க் கடையில் ஒரு காசும் செலவழிக்காமல் திரும்பி வராதீர்கள். அங்கே தங்குங்கள், அங்கே சாப்பிடுங்கள், அங்கே பெற்றோல் அடியுங்கள். சின்ன ஊர்களில் ஒரு குடும்பம் இரண்டு இரவு தங்குவது கடைக்காரருக்குக் கணக்கில் தெரிகிற காசு.

பிலோவீலா ஊரவர்களே, இந்த மடலை எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். வருகிற குளிர்கால விடுமுறைக்குச் சில குடும்பங்கள் சேர்ந்து கரவனும் கூடாரமுமாக வர யோசித்திருக்கிறோம். இந்தத் தடவை க்ரூம்பிட் டொப்ஸுக்கு மேலே வரை போக வசதியான வாகனம் ஒன்றும் ஒழுங்கு பண்ணியாயிற்று. கிரேகிளிஃப் வீட்டைக் காட்டிய அந்த அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள்: பதினைந்து பிள்ளைகளாவது வருவார்கள், எல்லோரும் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பார்கள்.


பிறிஸ்பேனிலிருந்து ஒரு தமிழ்த் தாய்